ஆளைத் தெரியும், வீட்டைத் தெரியாது

1

ஏமாறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏமாற்றுகிறவனையாவது ஒரு கணக்கில் சேர்க்கலாம், அவன் பிழைப்பை அவன் பார்க்கிறான். ஏமாறுகிறவன் பட்டம் வாங்கியிருப்பான், இரண்டு மொழி பேசுவான், மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சாளைகூட வாங்கமாட்டான். போனில் எவனோ ஒருவன் அதட்டினால் மட்டும் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கிரேன்கள் தெரிகிற ஒரு சின்னத் துறைமுக ஊரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. நம் ஊரிலிருந்து வரும் இந்தச் சிற்றிதழின் ஆசிரியர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "பிள்ளைக நெறைய வெளிநாட்டுக்கு வருதுக மெர்சி. ஏமாறாம இருக்க நாலு வார்த்தை எழுதுங்க. ஒங்களுக்கு வாய்க்கா பஞ்சம்?" எழுதவில்லை. முட்டாள்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். போன மாதம் நடந்தது ஒன்று, இப்போது என்னை எழுத வைக்கிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு இங்கே கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை உண்டு. பூசை முடிந்ததும் நம் கரைப் பக்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். எங்கள் வீட்டில் சமையலறையைக் குசினி என்றே சொல்லிப் பழக்கம். அந்தக் குசினியில் அவர்கள் சாப்பிட, நான் அடுப்போரம் நின்றுகொண்டு, கையில் கரண்டியோடு, அந்த மாதத்து முட்டாள்களின் கதையை நடித்துக் காட்டுவேன். பார்சலுக்குத் தீர்வை கட்டச் சொல்லி வந்த குறுஞ்செய்தியில் வங்கி எண்ணைத் தட்டிக் கொடுத்தவள். இல்லாத கப்பலுக்கு வேலை உத்தரவு வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டியவன். எல்லாவற்றுக்கும் மேலே, என் மாஸ்டர் பீஸ் ஒரு என்ஜினியர்.

அவருக்கு ஒரு போன் வந்தது. வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், மாலைக்குள் கட்டாவிட்டால் கைது என்றார்கள். எப்படிக் கட்டுவது என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். சூப்பர் மார்க்கெட்டில் பரிசு அட்டை வாங்கி, பின்னால் உள்ள எண்ணைச் சுரண்டி வாசிக்கச் சொன்னார்கள். மனிதர் கார் நிறுத்துமிடத்தில் நின்று, சில்லறைக் காசால் சுரண்டிச் சுரண்டி வாசித்திருக்கிறார். நான் கரண்டிக் காம்பால் தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டே, அவர் குரலில் எண்களைச் சொல்லுவேன். "வரிக்குப் பதிலா சாக்லேட் கடை அட்டைய வாங்குத கவர்மெண்டு எங்கனடே இருக்கு?" என்று முடிப்பேன். குசினி அதிரும்.

அந்த என்ஜினியர் அதன்பிறகு பூசைக்கு வருவதில்லை. அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

2

நம் ஊரில் ஆளை எடை போட மூன்று கேள்விகள் போதும். எந்தத் தெரு? எந்தக் கோயில்? யார் வீட்டுப் பிள்ளை? பெண் கேட்டு வந்தாலும், வாடகைக்கு வீடு கேட்டு வந்தாலும், மீன்பிடி வள்ளத்துக்கு ஆள் சேர்த்தாலும் இதே மூன்றுதான். என் அம்மா இதில் பெரிய வக்கீல். மூன்றாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் எதிராளியின் தாய்மாமன் எந்தக் கப்பலில் சமையல்காரனாக இருந்தான் என்பது வரை அவள் சொல்லிவிடுவாள்.

இதை ஏதோ பரம்பரை ஞானம் என்று நாம் பீற்றிக்கொள்கிறோம். முத்தைப் பல்லில் உரசியே நல்லதா போலியா என்று சொன்ன கூட்டமாம். எங்கள் தாத்தா முத்துக்குளித்தார் என்று சொல்லாத ஆளை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. சைக்கிள் கடை வைத்திருந்தவரின் பேரனும் அதையேதான் சொல்கிறான். எல்லாருடைய தாத்தாவும் கடலுக்குள்ளே இருந்திருந்தால் கரையில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்?

என் மகள் ஷாரனுக்குப் பதினாறு வயது. அவளுக்கு இந்த மூன்று கேள்வியும் விளங்காது. பள்ளித் தோழி ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டேன். "அவங்க வீட்டுப் பிள்ளை" என்றாள். தமிழ் அவள் வாயில் இரவல் செருப்பைப் போலத்தான் இருக்கிறது, எங்கே கடிக்குமோ என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். இதை எல்லாம் சொல்லி அவளையும் நான் குசினியில் கேலி செய்திருக்கிறேன்.

3

என் ஒன்றுவிட்ட அக்காள் மகள் ஜெனிட்டா. அவளும் நர்ஸ். இங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து, கணவன் ரீகனோடும் ஐந்து மாதக் குழந்தையோடும் வருவதாக இருந்தது. வருவதற்கு முன்னால் வீடு வேண்டும்.

இந்த நாட்டில் வீடு எடுப்பது எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். வீடு வேண்டுமென்றால் இங்கே வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் நன்னடத்தைக் கடிதம் கேட்பார்கள். முன்பு குடியிருந்தது சொந்த வீடு, அதன் உரிமையாளர் மாமனார் என்று எழுதினால், மாமனார் கடிதம் செல்லாது என்பார்கள். என் வீட்டில் இரண்டே அறை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்களைத் தவிர வேறு யாரும் தங்கக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் நம் ஊர் ஆட்களின் வாட்ஸப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. "இரண்டு படுக்கையறை, சிவப்புக் கதவு, பின்னால் சின்னத் தோட்டம். நம்ம ஊர் ஆட்களுக்கு மட்டும்." படங்களும் இருந்தன. போன் போட்டேன்.

"எந்தத் தெரு?" என்றேன்.

சொன்னான்.

"எந்தக் கோயில்?"

"பெரிய கோயில்தான்க்கா. திருவிழாவுக்குச் சப்பரம் எங்க வீட்டு முன்னாலதான் திரும்பும்."

"யார் வீட்டுப் பிள்ளை?"

தன் அம்மா பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டு, "நீங்க ஐஸ் கம்பெனிக்கு எதுத்த வீட்டு லில்லி மாமி மக மெர்சிதான? மாமி முழங்கால் வலி எப்படி இருக்கு? எங்கம்மா விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றான். தாத்தா முத்துக்குளித்ததையும் சொன்னான், அதை விடுவானா!

அன்றே அம்மாவிடம் கேட்டேன். "நல்ல குடும்பம்ளா. அந்தப் பய ஞானஸ்நானத்துக்கு நான் போயிருக்கேன்" என்றாள். முடிந்தது வழக்கு.

வீட்டைப் பார்க்கலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "இப்ப இருக்கவங்க இன்னும் காலி பண்ணலக்கா. நீங்க வாரதுன்னா சொல்லுங்க, நான் அவங்ககிட்ட கேட்டுப் பாக்கேன். ஆனா இன்னும் ரெண்டு பேரு கேக்காங்க" என்றான். என் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். நான் போகவில்லை. போய்ப் பார்த்தால் நம் ஊர்ப் பையனைச் சந்தேகப்பட்டதாகிவிடும், நாளைக்கு அவன் அம்மா என் அம்மாவிடம் கேட்பாள் என்ற யோசனை. சந்தேகப்பட வேண்டிய ஆளைச் சந்தேகப்பட எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிடப் பெரிய மடத்தனத்தை என் குசினியில்கூட நான் நடித்துக் காட்டியதில்லை.

முன்பணமும் மூன்று மாத வாடகையும் சேர்த்து அனுப்புவதற்கு முன்னால் ஜெனிட்டா கேட்டாள், "சித்தி, நீங்க வீட்டப் பாத்தியளா?"

"ஆளத் தெரியும்ளா. தைரியமா அனுப்பு" என்றேன்.

இங்கே வந்து முதல் சம்பளம் வரும்வரை பிழைக்க அவர்கள் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் அதுதான். அதோடு அவன் கேட்டபடி மூன்று பேருடைய பாஸ்போர்ட் நகலையும் அனுப்பினார்கள். அந்த வீடு கிடைக்காவிட்டால் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. அது எனக்கும் தெரியும்.

4

சனிக்கிழமை மத்தியானம். மூன்று பெட்டி, ஒரு தள்ளுவண்டி, தோளில் குழந்தை, ரீகன் கையில் பழைய துணியில் சுற்றிய அரிவாள்மனை. விமான நிலையத்தில் அதை எப்படி விட்டார்கள் என்பது தனிக் கதை. சிவப்புக் கதவு உண்மையில் சிவப்பாகவே இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாவியோடு உள்ளே இருப்பதாக அவன் சொல்லியிருந்தான். மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவி. எங்களைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டாள்.

"நீங்கள் மூன்றாவது குடும்பம்" என்றாள்.

அது அவளுடைய சொந்த வீடு. இருபது வருடத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறாள். வாடகைக்கு விடவும் இல்லை, விடப்போவதும் இல்லை. முதல் குடும்பம் வந்தபோதே போலீசுக்குச் சொல்லிவிட்டாளாம், ஏமாந்தவர்கள் வந்து புகார் கொடுத்தால்தான் ஏதாவது செய்ய முடியும் என்றார்களாம். ஏமாந்த இரண்டு குடும்பமும் புகார் கொடுக்கவில்லை.

மழை தூற ஆரம்பித்தது. குழந்தையை நனைய விடாதீர்கள் என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். ரீகன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "திரும்பிப் போயிருவோம்" என்று ஜெனிட்டாவிடம் மெதுவாகச் சொன்னான். ஜெனிட்டா என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கிழவி டீயோடு ஒரு டப்பாவையும் கொண்டு வந்தாள். பூனைக்குப் பிஸ்கோத்து போட்டு வைக்கிற டப்பாவாம். போன முறை இதே போலக் கதவுக்கு முன்னால் வந்து நின்ற பெண், தொந்தரவு கொடுத்துவிட்டோம் என்று வெட்கப்பட்டு, ஊரிலிருந்து கொண்டு வந்த வெள்ளை இனிப்பை டப்பாவோடு கொடுத்துவிட்டுப் போனாளாம். டப்பாவை வாங்க அவள் திரும்பி வரவே இல்லை, உங்களுக்கு அவளைத் தெரிந்தால் கொடுத்துவிடுங்கள் என்றாள். வெள்ளை இனிப்பு என்றால் நம் ஊர் பேக்கரிகளின் முந்திரி மக்ரூன். வேறு என்ன?

எவர்சில்வர் டப்பா. நம் வீடுகளில் எந்தப் பாத்திரம் வாங்கினாலும் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவோமே, அப்படி வெட்டியிருந்தது. கிழவிக்கு அது ஏதோ சித்திர வேலை. நான் வாசித்தேன். ஸ்டெல்லா மேரி.

மாதா மாதம் என் குசினியில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஸ்டெல்லா.

5

போலீஸ் புகாரை இப்போது கணினியில்தான் கொடுக்க வேண்டும். "வீட்டை நேரில் பார்த்த தேதி" என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. உதவிக்குப் போன் போட்டேன். எடுத்தவன் சின்னப் பையன், மரியாதையான பையன்.

"பணம் வாங்கியவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சந்தித்திருக்கிறீர்களா?"

"இல்லை. அவன் அம்மாவைத் தெரியும்."

"அந்த அம்மாவையாவது சந்தித்திருக்கிறீர்களா?"

"என் அம்மாவுக்கு அவரைத் தெரியும்."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பதினான்கு வருட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அதற்குமேல் என்னால் விளக்க முடியவில்லை. எந்த மொழியில் விளக்கினாலும் அது அப்படித்தான் இருந்திருக்கும்.

ஷாரன் என் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். விளம்பரத்தில் இருந்த உள்வீட்டுப் படங்களை எடுத்து ஐந்தே நிமிடத்தில் தேடிக் காட்டினாள். வேறு ஏதோ ஊரில், எப்போதோ விற்பனைக்கு வந்த வேறு ஏதோ வீட்டின் படங்கள். "அம்மா, அவன் யார் வீட்டுப் பிள்ளையா இருந்தா என்ன? வீடு யாரோட வீடுன்னுதானே கேக்கணும்?" என்றாள். இரவல் செருப்புத் தமிழில்தான் சொன்னாள். புகாரின் அந்தக் கட்டத்தில், கதவைத் தட்டிய சனிக்கிழமைத் தேதியைப் போட்டு அனுப்பினேன்.

அந்த மகராசனைப் பற்றி ஒரு வார்த்தை. கள்ளன் என்றால் ஒரு உழைப்பு வேண்டாமா? ஒரு வேஷம், ஒரு பொய்ப் பெயர்? இவன் தன் சொந்தத் தெருவை, சொந்தக் கோயிலை, பெற்ற தாயின் பெயரைச் சொல்லிப் பிழைத்திருக்கிறான். பொய் சொன்னது வீட்டைப் பற்றி மட்டும். அதை மட்டும்தான் நாம் யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் அந்த மூன்று கேள்வி செல்லுபடியாவதற்கு ஞானம் காரணம் இல்லை. நாளைக்கு அவன் ஏமாற்றினால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று என் அம்மா கத்தலாம், அதுதான் காரணம். இங்கே கத்துவதற்கு வாசல் இல்லை. இருந்த ஒரே வாசலும் கிழவியுடையது.

அம்மா அங்கே அவன் வீட்டு வாசலுக்குப் போகத்தான் செய்தாள். போய்க் கத்தாமல் திரும்பிவிட்டாள். "ஏளா, அவன் அம்மா அழுதுட்டே இருக்கா. அவன் போனையே எடுக்கதில்லையாம். தங்கச்சிக்கு வேற பேசி முடிச்சிருக்கு. பேர வெளிய விட்றாத. போனது போகட்டும்" என்றாள்.

போனது ஜெனிட்டாவுடையது. போகட்டும் என்பது நம் ஊர்.

6

டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். உள்ளபடி சொன்னால், திட்டத்தான் போனேன். நீ அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளைகள் தப்பித்திருக்கும் என்று வழி நெடுக வசனத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

டப்பாவைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. உட்காரச் சொன்னாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்லத்தான்க்கா வந்தேன். பூசை முடிஞ்சி ஒங்க வீட்டுக்கு வரும்போது, இன்னைக்கு அக்காட்ட தனியாச் சொல்லீரணும்னு வந்தேன். நீங்க அந்த என்ஜினியர் கதைய நடிச்சிட்டு இருந்திய. கரண்டிய வச்சிச் சொரண்டிக் காட்டினிய. எல்லாரும் சிரிச்சாவ." டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நானுஞ் சிரிச்சேன்க்கா."

"அதுக்குப் பொறவாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"அடுத்த மாசமும் வந்தேன். அன்னைக்கும் அதையே கேட்டாவ, நீங்களும் செஞ்சிய. இனி சொன்னா அடுத்த கத நம்மதான்னு வாய மூடிட்டேன்" என்றாள்.

எங்கே போனாலும் ஏமாறாத மெர்சி நான். அந்தப் பயலுக்கு இந்த நாட்டில் வக்கீலும் காவலும் நானாகத்தான் இருந்திருக்கிறேன், சம்பளம் வாங்காமல். அவனுடைய ரகசியத்தை யாரும் காப்பாற்றவில்லை. என் வாய்க்குப் பயந்து அவரவர் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதில் அவனும் பிழைத்துக்கொண்டான். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஸ்டெல்லா எழுந்து போய் டீ போட்டாள். திரும்பி வந்து, "அந்தப் பிள்ளைக இப்ப எங்கன இருக்கு?" என்று கேட்டாள். என் வீட்டு ஹாலில் தரையில், வீட்டுக்காரர் வந்து பார்த்தால் எல்லாருமே வெளியே என்றேன். "எங்க மாடியில ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு. அங்க பணம் போன பொறவு எடுத்த வீடு இது, ஓனரு ஆள் தங்க ஒத்துக்கிடுவாரு. சம்பளம் வரட்டும், பொறவு வாடகையப் பாத்துக்கிடலாம். ஒங்க அக்கா மக திரும்பிப் போக வேண்டாம்" என்றாள். பிறகு லேசாகச் சிரித்து, "வேணும்னா வந்து வீட்டப் பாத்துக்கிடச் சொல்லுங்க" என்றாள்.

ஜெனிட்டா வந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள், குழந்தைக்குக் குளிருமா என்று சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சரி என்றாள். என்னிடம் கேட்கவில்லை. இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். போன பணம் போனதுதான். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை என்கிறாள். ஆனால் போனில் முன்பு போல நீளமாகப் பேசுவதில்லை.

7

ஸ்டெல்லா வீட்டிலிருந்து வந்த அன்றே குழுவில் எழுதினேன். முதல் வரியில் என் பெயர்: மெர்சி, பதினான்கு வருட அனுபவம், பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் போய் வீட்டைப் பார்க்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம். இரண்டாவது வரியில் அவன் பெயர், தெரு, கோயில், அம்மா பெயர் எல்லாம். இந்த இதழில் அதை அச்சிட ஆசிரியர் சம்மதிக்கவில்லை. அவருக்கும் அந்தக் குடும்பத்தைத் தெரியுமாம். அவனுடைய தங்கை கல்யாணம் என்ன ஆகும் என்று எனக்கு மூன்று பேர் போன் செய்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டு ஒருவரும் செய்யவில்லை.

ஆசிரியர் கேட்ட நாலு வார்த்தையையும் எழுதிவிடுகிறேன். வீட்டை நேரில் பாருங்கள். முடியாவிட்டால் அந்த ஊரில் இருக்கும் ஒருவரை அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். வீடு அவன் பெயரில் இருக்கிறதா என்று இந்த நாட்டில் சின்னக் கட்டணம் கட்டிப் பார்த்துவிடலாம், நானே அதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். பார்ப்பதற்கு முன் பணமும் பாஸ்போர்ட் நகலும் அனுப்பாதீர்கள். அவசரப்படுத்துகிறவன், இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள் என்கிறவன், எவனாக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். உங்கள் அம்மாவின் முழங்கால் வலியை அவன் விசாரித்தால் இன்னும் சீக்கிரம் வையுங்கள். நம் ஊர்க்காரன் என்பது ஒரு முகவரிதான், நற்சான்றிதழ் இல்லை.

இந்த மாதப் பூசை முடிந்து வழக்கம் போல எல்லாரும் வந்தார்கள். ஸ்டெல்லா ஜெனிட்டாவையும் குழந்தையையும் கூட்டி வந்திருந்தாள். சாப்பாட்டுக்கு நடுவில் யாரோ ஒருவர், பழக்கத்தில், "எக்கா, அந்த என்ஜினியர் கதைய எடுத்து விடுங்க" என்றார்.

"அவர விடப் பெரிய முட்டாளு ஒருத்தி கெடச்சிருக்கா" என்றேன். எந்தத் தெரு என்று போனில் கேட்டதிலிருந்து, சிவப்புக் கதவின் மணியைப் பெருமையாக அடித்தது வரை, என்னையே நடித்துக் காட்டினேன். கரண்டியையே போனாக வைத்துக்கொண்டு, "ஆளத் தெரியும்ளா" என்று அதே குரலில் சொன்னேன்.

ஷாரன் மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, மூன்று வருடமாக வந்து போகிற, எனக்கு முழுப்பெயர்கூடத் தெரியாத ஒரு பெண் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எக்கா" என்றாள். "எனக்கும் ஒண்ணு நடந்துச்சு."

நான் கரண்டியை வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.